கிரிஸ் உறைக்கு எந்த வேலைப்பாடு: செமெனா, அலாஸ்-அலாசனா?

ஜாவாவின் குத்துவாளான கிரிஸுக்கு மரத்தில் உறை. அந்த உறையின் நீண்ட பகுதிக்கு மேல் போடும் உலோகக் கூடுதான் பெண்டோக். பித்தளை, வெள்ளி, பொன் என்று வசதிக்கேற்பச் செய்வார்கள். உலோகத்துக்குப் பின்னால் ஜபுங் என்ற அரக்குக் கலவையைத் தாங்கலாக வைத்து, சிற்றுளியால் தட்டித் தட்டி உருவம் எழுப்புவார்கள். என்ன உருவம் என்பதில்தான் போட்டியே.

செமென் என்ற பெயர் தளிர்ப்பதைக் குறிக்கும் 'செமி' என்ற சொல்லிலிருந்து வந்தது. கொடியும் இலையும் சுருண்டு ஓட, நடுவில் மேரு மலை, மரம், கருடனின் சிறகு. மேருவும் கருடனும் நமக்கும் தெரிந்தவர்கள்தான். இஸ்லாமிய சுல்தான்களின் அரண்மனையிலும் அவர்கள் இடம் இழக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு. பாத்திக் துணியில் கருடச் சிறகு அரச குடும்பத்துக்கு மட்டும் என்று தடையே இருந்தது. அவ்வளவு கனமான சின்னம் அது.

அலாஸ் என்றால் காடு. அலாஸ்-அலாசனில் மானும் பறவையும் பாம்புமாகக் காடே நிறைந்திருக்கும். அரண்மனை மணப்பெண் உடுத்தும் அகலமான தொதோத் துணியில் இது அள்ளும் அழகு. பெண்டோக்கோ ஒடுங்கிய குழல். விலங்குகள் அங்கே நெருக்கியடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் மேடுபள்ளமாகத் தெரிகின்றன. கொடிக்கு அந்தச் சிக்கல் இல்லை. குழலின் நீளமே அது படரும் வழி. அதனால் என் ஓட்டு செமெனுக்குத்தான்.

அப்புறம், கூட்டின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். பிலேவா வகையில் முகப்பில் நெடுகத் திறப்பு இருக்கும், உள்ளே மரம் தெரியும். மரம் நல்லதாக இருந்தால் சரி, ஆனால் முகப்பில் சித்திரத்துக்கு இடம் போய்விடும். முழுதும் மூடிய புந்தோன்தான் செமெனுக்குப் பொருத்தம்.

பெண்டோக்கின் மேல் பூசும் கெமாலோ என்ற வண்ண அரக்குப் பூச்சு தனி ரகம். மத்திய ஜாவாவின் சூரகர்த்தா அரண்மனை வழக்கில் சிவப்பு அரச குடும்பத்துக்கும் உயர்பதவியினருக்கும், கருப்பு சாதாரண மக்களுக்கும். பச்சையும் பழுப்பும் இடைநிலையினருக்கு. அணிந்தவரின் தகுதியை அது பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். ஆனால் மலையும் மரமும் சிறகும் சேர்ந்து சொல்லும் உலகத்தை ஒரு நிறத்தால் சொல்ல முடியாது.

செமென் வாங்குவதென்றால் இலை நரம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். கைவேலையில் ஒவ்வோர் இலையும் கொஞ்சம் வேறாக இருக்கும்.