எந்தக் கடவுளைப் பற்றிப் பேசுகிறோம்? ஓர் இணையப் பாடத்தொடர் குறித்த மதிப்புரை

கடவுள் பற்றிய மெய்யியல் விவாதங்களை அறிமுகப்படுத்தும் இணையப் பாடத்தொடர் ஒன்றை அண்மையில் கேட்டு முடித்தேன். உரைகள் மொத்தம் பன்னிரண்டு. நான் இறைநம்பிக்கை உள்ளவன். என் அண்ணன் இளம் வயதிலேயே அந்த நம்பிக்கையை விட்டவர். பல ஆண்டுகளாக எங்களுக்குள் நடந்துவரும் வாக்குவாதம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முட்டி நின்றுவிடுவதால், இருவரும் சேர்ந்தே இதில் பதிவு செய்துகொண்டோம்.

கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியை ஆசிரியர் முதல் உரையில் எழுப்பவே இல்லை. அந்தச் சொல்லால் நீங்கள் எதைக் குறிக்கிறீர்கள் என்பதை ஐந்து வரிகளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வேண்டுதலைக் கேட்கும் ஓர் அறிவு என்று நான் எழுதினேன். மேலிருந்து கண்காணித்துத் தண்டிக்கும் அரசன் என்று அண்ணன் எழுதினார். தாள்களை மாற்றிப் படித்தபோது, அவர் மறுக்கும் கடவுளை நான் ஒருநாளும் வணங்கியதில்லை என்பது தெரிந்தது. ஆனால் அத்துடன் நான் தப்பித்துவிட முடியவில்லை. கேட்கும் அறிவு என்றால் அதற்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டல்லவா என்று அவர் கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே இல்லை. இந்த ஒரு பயிற்சிக்காகவே பாடத்தொடரை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

ஆன்செல்ம் என்ற கிறித்தவத் துறவியைப் பற்றிய மூன்றாம் உரைதான் தொடரிலேயே சிறந்தது. அதைவிடப் பெரிய ஒன்றை எண்ணிப் பார்க்க இயலாது என்னும் அளவுக்குப் பெரியது எதுவோ அதுவே கடவுள் என்றும், அது எண்ணத்தில் மட்டும் இருந்தால் உண்மையிலும் இருப்பதாக அதனினும் பெரிய ஒன்றை எண்ணிவிடலாம் என்பதால் அது உண்மையில் இருந்தே ஆகவேண்டும் என்றும் பதினொன்றாம் நூற்றாண்டில் அவர் வாதிட்டார். இதே முறையில் குறையே இல்லாத ஒரு தீவு இருப்பதையும் நிறுவிவிடலாமே என்று அவர் காலத்திலேயே கானிலோ என்ற துறவி மறுத்தார். இருப்பு என்பது ஒரு பொருளின் இலக்கணத்தோடு கூட்டத்தக்க பண்பே அன்று என்று 1781-இல் ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் எழுதினார். பல அறிமுக நூல்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடும். ஆசிரியரோ, ஆன்செல்ம் இந்த வாதத்தை ஒரு வழிபாட்டின் நடுவே, கடவுளை முன்னிலையில் அழைத்தே எழுதினார் என்பதை நினைவூட்டி, ஏற்கெனவே நம்பும் ஒருவர் தம் நம்பிக்கையைப் புரிந்துகொள்ள முயல்வதும், நம்பாதவரை நம்பவைக்க முயல்வதும் ஒரே செயலா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியை அவர் அவசரமாக முடித்துவைக்கவில்லை.

உலகின் ஒழுங்கைக் கொண்டு படைத்தவனை நிறுவும் வாதத்தைப் பற்றிய உரையில் ஒரு பிழை உள்ளது. கடிகாரம் இருந்தால் கடிகாரம் செய்தவன் இருக்கவேண்டும் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பேலியின் உவமையை முதலில் சொல்லி, அதற்கு மறுப்பாக ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹியூமை நிறுத்துகிறார் ஆசிரியர். ஹியூம் 1776-இல் இறந்துவிட்டார். அவருடைய மறுப்பு அடங்கிய நூல் 1779-இல் வெளிவந்தது. பேலியின் நூலோ 1802-இல்தான் வந்தது. வரிசை மாறினால் பொருளும் மாறிவிடுகிறது. வலுவான மறுப்பு அச்சேறிய பின்னரும் ஒரு வாதம் ஏன் அத்தனை பேரைக் கவர்ந்தது, 1859-இல் டார்வின் உயிரினங்களின் அமைப்புக்கு வேறொரு விளக்கம் தரும்வரை அது ஏன் தளரவில்லை என்பவை சிந்திக்கத்தக்க கேள்விகள். அவற்றை எழுப்பும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

என் பெரிய மனக்குறை ஒன்பதாம் உரையில். இந்தியச் சிந்தனை முழுவதையும் ‘அனுபவ ஞானம்’ என்ற ஒற்றைத் தலைப்பில் அடைத்து, அங்கே வாதமே நடக்காதது போல ஆசிரியர் பேசுகிறார். தருக்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபின் உதயணர் கடவுளை நிறுவுவதற்கென்றே ஒரு நூல் செய்தார். வேதத்தை முழுமையாக ஏற்ற மீமாம்சை மரபைச் சேர்ந்த குமாரிலரோ படைப்புக் கடவுளை மறுத்தார். கருணையால் படைத்தான் என்றால், படைப்புக்கு முன் கருணை காட்டத்தக்க உயிர் எது இருந்தது என்பது அவர் கேட்ட கேள்வி. சமணம் படைப்பவன் இன்றியே வினையின் விளைவை விளக்கியது. பழைய வழக்கில் நாத்திகம் என்பது வேதத்தின் அதிகாரத்தை மறுப்பதையே முதன்மையாகக் குறித்ததால், படைப்பவனை ஏற்காத மீமாம்சை ஆத்திகத் தரிசனங்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டது. நம்புவோர், மறுப்போர் என்று உலகை இரண்டாகப் பிரித்துக்கொண்டு தொடங்கும் ஒரு பாடத்தொடருக்கு இதைவிடப் பயனுள்ள எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்த விடுபடல் துன்பம் பற்றிய பத்தாம் உரையையும் பாதித்துவிட்டது. 1755 நவம்பர் 1 அன்று, புனிதர் அனைவர் திருநாளில், மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த வேளையில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் அழித்ததையும், எல்லாம் வல்லவனும் முழு நல்லவனுமான கடவுள் இதை எப்படி அனுமதித்தான் என்ற கேள்வி அதனால் ஐரோப்பாவில் கூர்மையடைந்ததையும் ஆசிரியர் உணர்ச்சியோடும் நேர்மையோடும் சொல்கிறார். எளிய ஆறுதல் எதையும் அவர் தரவில்லை, அதை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி, இன்மையிலிருந்து அனைத்தையும் படைத்த கடவுளிடம் கேட்கப்படுவது. சைவ சித்தாந்தத்தில் இறைவனைப் போலவே உயிரும், அதைப் பிணிக்கும் கட்டாகிய பாசமும் தொடக்கம் இல்லாதவை. செம்பில் களிம்பு போல, அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவம் உயிரோடு என்றும் உள்ளது. அதை நீக்கவே உடலும் உலகமும் தரப்படுகின்றன. அங்கே ‘ஏன் தீமையைப் படைத்தாய்’ என்ற கேள்விக்கு இடமில்லை. ‘இத்தனை வலிமிக்க மருந்து எதற்கு, அது குழந்தைக்கும் எதற்கு’ என்ற கேள்வி எழுகிறது. அது எவ்வகையிலும் இலகுவான கேள்வி அன்று. என் நம்பிக்கையை உண்மையிலேயே அசைப்பது அதுதான். அதைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்ற எதிர்பார்ப்போடுதான் அந்த உரையைக் கேட்கத் தொடங்கினேன்.

சான்று போதாமல் எதையும் நம்புவது அறத்துக்கே மாறானது என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிளிஃபோர்டின் 1877-ஆம் ஆண்டுக் கட்டுரையையும், சில முடிவுகள் சான்றுக்காகக் காத்திருக்க இடம் தருவதில்லை என்ற அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸின் 1896-ஆம் ஆண்டு மறுமொழியையும் இணைத்துப் பேசும் பதினொன்றாம் உரை சுருக்கமானது, போதுமானதும்கூட. பதினேழாம் நூற்றாண்டு மெய்யியலாளர் ஸ்பினோசாவுக்கு அரை உரைதான் கிடைத்திருக்கிறது. இயற்கையையும் கடவுளையும் ஒன்றாகக் கண்டவரை நம்புவோர் அணியில் சேர்ப்பதா மறுப்போர் அணியில் சேர்ப்பதா என்பது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராத வழக்கு. அதற்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

சேவையைப் பொறுத்தவரை, ஒலித்தரமும் எழுத்து வடிவமும் நன்றாக உள்ளன. ஒவ்வொரு உரைக்குப் பின்னும் வரும் தேர்வு வினாக்களை நீக்கிவிடலாம். கடவுள் இருப்பதை நிறுவ இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸ் எத்தனை வழிகளைக் கூறினார் என்று கேட்டு, ஐந்து என்பதைத் தேர்ந்தெடுத்தவருக்கு மதிப்பெண் தருவதால், அந்த ஐந்தில் ஒன்றையேனும் அவர் எடைபோட்டுப் பார்த்தாரா என்பது தெரியாது. பயிற்சித் தாள்களுக்கு வந்த கருத்துரைகளும் இரண்டு வரிகளைத் தாண்டவில்லை.

ஆயினும் நிறைவுப் பயிற்சி இந்தக் குறைகளை மறக்கச் செய்கிறது. எதிர்த் தரப்பின் நிலைப்பாட்டை, அத்தரப்பைச் சேர்ந்த ஒருவர் படித்து ‘ஆம், இதுவே என் கருத்து’ என்று கையொப்பமிடும் அளவுக்கு எழுதித் தரவேண்டும். நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் அண்ணன் கையொப்பமிடவில்லை. ஏதோ ஓர் ஏமாற்றத்தால் அவர் நம்பிக்கையை இழந்தார் என்ற தொனி என்னையறியாமல் இரண்டு தாள்களிலும் புகுந்துவிட்டதாம். தம்மிடம் இருந்தது ஏமாற்றம் அன்று, சிந்தித்து எடுத்த முடிவு என்கிறார். மூன்றாவது தாளை எழுதிக்கொண்டிருக்கிறேன்.