தேய்ந்த கல்லை மூடுவதா, கிளப்பிப் பதிப்பதா?

யாழ்ப்பாணத்தில் கிணற்றடியிலிருந்து குசினி வாசல் வரை பதித்த சீமெந்துக் கற்கள் முகம் தேய்ந்து சல்லி தெரியத் தொடங்கினால், வீட்டில் முதலில் எழும் யோசனை அவற்றின் மேல் சீமெந்து பூசிவிடலாம் என்பதுதான். அது மலிவானது, இரண்டே நாளில் முடியக்கூடியது. ஆனால் தனித்தனியாக அசையும் கற்களின் மேல் மெல்லிய பூச்சு நிலைக்காது. கீழேயுள்ள ஒவ்வொரு இடுக்கும் மேலே வெடிப்பாக வந்து நிற்கும். ரைல்ஸ் ஒட்டினாலும் இதே கதிதான், அத்துடன் வழுவழுப்பான ரைல்ஸ் மாரியில் வயதானவர்களை விழுத்தும்.

பத்துச் சென்ரிமீற்றர் கனத்தில் கொங்கிறீற் போட்டால் உறுதியாக இருக்கும். ஆயினும் முற்றம் அந்தளவு உயர்ந்து, மழைநீர் சுவரில் தெறித்து ஈரம் ஏறும். தரைமட்டம், நிலத்து ஈரம் மேலே ஏறாதபடி சுவரின் அடியில் வைக்கும் ஈரத்தடுப்புப் படைக்கு 15 சென்ரிமீற்றராவது கீழே இருக்க வேண்டும். இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது தண்ணீர். வற்றாத ஆறு இல்லாத இந்தக் குடாநாட்டில், பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லினூடாக இறங்கித்தான் கிணறுகள் ஊறுகின்றன. வளவு முழுவதையும் மூடினால் அந்த நீர் ஒழுங்கைக்கு ஓடிவிடும்.

ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி பதிக்கும் இன்ரலொக் கல் இடுக்குகளால் நீரை இறக்கும். நடக்க மட்டுமென்றால் 60 மில்லிமீற்றர் கனமும், வாகனம் ஏறுமென்றால் 80 மில்லிமீற்றர் கனமும் தேவை. ஓரங்களில் தடுப்புக்கல் இல்லாவிட்டால் வரிசை விலகும். நல்ல தெரிவுதான், செலவுதான் கூட.

புதுக்கல் வாங்குவதற்கு முன் பழைய கல் ஒன்றை அலவாங்கால் நெம்பிப் பாருங்கள். நாங்கள் கிளப்பிய கல்லின் அடிப்பக்கம் புதிதுபோல இருந்தது. அதன் கீழே மணல் அரிபட்டுக் குழிவிழுந்து, விரல் தடிப்பில் ஒரு வேப்பம்வேர் ஓடியிருந்தது. பழுது கல்லில் அல்ல, படுக்கையில் இருந்தது. ஆகவே உடையாத கற்களைப் புரட்டி, கிறவலை இறுக்கி, மூன்று நான்கு சென்ரிமீற்றர் மணல் பரப்பி, மூன்று மீற்றருக்கு ஐந்து சென்ரிமீற்றர் சரிவு வீட்டுக்கு வெளிப்புறமாக வரும்படி மீளப் பதிப்பதையே நான் முதலில் சொல்வேன். உடைந்தவற்றுக்கு மட்டும் புதுக்கல் வாங்கினால் போதும்.

கிணற்றைச் சுற்றிய இடம் மட்டும் விதிவிலக்கு. அங்கே சவர்க்காரத் தண்ணீர் கிணற்றுக்குள் ஊறாதபடி வெடிப்பில்லாத கொங்கிறீற் போட்டு, வாய்க்கால் வைத்து, வாழையடிக்கு விடுவதே சரி.