டாக்புக் எக்ஸ்எஸ்எல் 1.79.2: இம்போர்ட் செய்து மாற்றி எழுதத் தோதானதா?

டாக்புக் எக்ஸ்எஸ்எல் என்பது டாக்புக் எனும் எக்ஸ்எம்எல் வடிவில் எழுதிய ஆவணங்களை வலைப்பக்கமாகவும் அச்சுக்கும் மாற்றித் தரும் ஸ்டைல்ஷீட்டுகளின் (மாற்று விதிக் கோப்புகளின்) தொகுப்பு. அதன் மூலக் கோப்புகளில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் வெளியீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இந்த ஸ்டைல்ஷீட் தொகுப்பின் பலம். தனிக் கோப்பு ஒன்றில் முதல் வரியாக, தொகுப்பின் முதன்மைக் கோப்பான டாக்புக்.எக்ஸ்எஸ்எல்-ஐ இம்போர்ட் செய்துவிட்டு (உள்ளே இழுத்துவிட்டு), கீழே நமக்கு வேண்டியதை எழுத வேண்டும். இந்தக் கோப்புகளின் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 1.0-இல் இம்போர்ட்டுக்கு முன்னால் வேறு எந்த அறிவிப்பு வந்தாலும் பிழைதான்.

பாராமீட்டர்கள் (மதிப்பு மாற்றும் அமைப்புகள்) விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செக்‌ஷன்.ஆட்டோலேபல் 0 என்று இருப்பதை 1 ஆக்கினால் பிரிவுகளுக்கு எண் விழும். அச்சுக்கான அட்ரிபியூட்-செட்டுகள் (தோற்றப் பண்புகளின் தொகுதிகள்) இன்னும் வசதி: எழுத்தளவை மட்டும் எழுதினால் அது மட்டும் மாறும், மற்றவை அப்படியே நிற்கும்.

ஆவணத்தின் எந்த உறுப்பை எப்படி வெளியிடுவது என்று சொல்லும் மேட்ச் டெம்ப்ளேட்டுகளில்தான் பலரும் கால் இடறுகிறார்கள். ஒரே உறுப்புக்கு இரண்டு டெம்ப்ளேட்டுகள் பொருந்தினால் புராசசர் (மாற்றத்தைச் செய்யும் நிரல்) முதலில் பார்ப்பது இம்போர்ட் வரிசையை: நம் கோப்பில் இருப்பதே வெல்லும். பிரையாரிட்டி (முன்னுரிமை எண்) அதற்குப் பிறகுதான். தலைப்புகளை வெளியிடும் டைட்டில்பேஜ்.மோடில் வெறும் 'டைட்டில்' என்று ஒரு டெம்ப்ளேட் எழுதிப் பாருங்கள். மூலத் தொகுப்பில் 'செக்‌ஷன்/டைட்டில்' என்று பிரையாரிட்டி 2 போட்டு எழுதியதும் சேர்ந்து தோற்கும். பிரிவுத் தலைப்புகளின் எச்2, எச்3 ஒழுங்கெல்லாம் குலையும். எந்தத் தலைப்பு என்று பாதையைக் குறுக்கி எழுதுங்கள். இம்போர்ட்டுக்குப் பதில் இன்க்லூட் போட்டால் இரண்டும் ஒரே தட்டில் வந்துவிடும், அப்போது பிரையாரிட்டிதான் பேசும்.

பழைய வெளியீட்டைச் சுற்றி ஒரு டிவ் (எச்டிஎம்எல் உறை) மட்டும் போதுமென்றால், மூல டெம்ப்ளேட்டை அழைக்கும் அப்ளை-இம்போர்ட்ஸ் இருக்கிறது. ஃபார்-ஈச் சுழலுக்குள் அழைத்தால் பிழை, 1.0-இல் பாராமீட்டரும் அனுப்ப முடியாது. பெயர் சொல்லி அழைக்கப்படும் டெம்ப்ளேட்டுக்கு அந்த வழியும் கிடையாது: முழுதாக நகலெடுத்துத் திருத்த வேண்டும், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். எனக்குப் பெரிய மனக்குறை இதுதான்.

அத்தியாயத்துக்கு ஒரு பக்கமாகப் பிரிக்கும் சங்க் வெளியீட்டில் இன்னொரு பொறி. சங்க்.எக்ஸ்எஸ்எல்-ஐ இம்போர்ட் செய்த கோப்பிலேயே 'சாப்டர்' டெம்ப்ளேட்டை எழுதினால், கோப்பைப் பிரித்தெழுதும் டெம்ப்ளேட்டையே அது மறைத்துவிடும். அத்தியாயத்துக்குத் தனிப் பக்கம் உருவாகாது. அலங்கார மாற்றங்களை டாக்புக்.எக்ஸ்எஸ்எல்-ஐ இம்போர்ட் செய்யும் முதல் கோப்பில் வையுங்கள். இரண்டாவது கோப்பில் அதையும், அதன்பின் தொகுப்பிலுள்ள சங்க்-காமனையும் இம்போர்ட் செய்து, கடைசியில் சங்க்-கோடை இன்க்லூட் செய்யுங்கள். வரிசை மாறக் கூடாது.

உறுப்புப் பெயர்களுக்கு முன்னொட்டு தேவைப்படும் நேம்ஸ்பேஸ் பதிப்பை எடுத்தவர்கள் முன்னொட்டில்லாமல் 'பாரா' என்று எழுதினால் பிழைச்செய்தியும் வராது, மாற்றமும் நடக்காது.