நார்மண்டி கப்பல் சுவரொட்டி: ஒரு மறுபதிப்பின் மதிப்புரை

கடல் பயண விளம்பரங்களின் பொற்காலத்தை ஒரே தாளில் காண விரும்புகிறவர்களுக்கு, நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பலுக்காக 1935இல் பிரெஞ்சு வரைகலைஞர் ஏ. எம். கசாண்டர் உருவாக்கிய சுவரொட்டியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். அதன் மறுபதிப்புகள் இன்று பல தரங்களில் விற்பனைக்கு வருகின்றன. நான் வாங்கியது, பளபளப்பில்லாத தடித்த பருத்தித் தாளில் ஏறத்தாழ மூலத்தின் அளவிலேயே, அதாவது ஒரு மீட்டர் உயரமும் அறுபது சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் கொண்டதாக அச்சிடப்பட்ட பிரதி. சில குறைகள் இருந்தாலும் வாங்கத் தகுந்ததே.

படத்தில் இருப்பது கப்பலின் முகப்பு மட்டுமே. நீர்மட்டத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவரின் கோணத்தில், அணியம் கத்தி முனைபோல நம்மை நோக்கி வருகிறது. அதன் இருபுறமும் கரிய உடல் விரிந்து உயர்ந்து, உச்சியில் வெண்ணிற மேல்தளங்களாகவும் சிவப்புப் புகைபோக்கியாகவும் முடிகிறது. அடியில், நுரை பிரியும் இடத்தில், சின்னஞ்சிறு பறவைக் கூட்டம் ஒன்று. அந்தப் பறவைகளை விரலால் மறைத்துப் பாருங்கள். கப்பல் உடனே சிறுத்துவிடும். விரலை எடுத்தால் மீண்டும் மலையாக எழும். இந்தக் கப்பலின் முதல் வகுப்பு உணவுக்கூடம் 93 மீட்டர் நீளம் கொண்டது. பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் லாலிக்கின் விளக்குகளால் ஒளிர்ந்தது. அவ்வளவு ஆடம்பரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பயணியையோ ஒரு நாற்காலியையோகூடக் காட்டாமல், வடிவத்தின் கம்பீரத்தை மட்டுமே நம்பிய அந்தத் துணிச்சலை எத்தனை முறை பார்த்தாலும் நான் வியக்கிறேன்.

அந்தக் கவர்ச்சிக்குப் பின்னால் வணிகத் தேவையும் இருந்தது. அதுவரை அட்லாண்டிக் கப்பல் நிறுவனங்களின் வருவாயில் பெரும்பங்கு, கீழ்த்தளங்களில் நெருக்கியடித்துப் பயணம் செய்த குடியேறிகளிடமிருந்தே வந்தது. 1921இலும் 1924இலும் அமெரிக்கா குடியேற்ற வரம்புச் சட்டங்களைக் கொண்டுவந்தபின் அந்தக் கூட்டம் வற்றிப்போகவே, காலியான இடங்களைச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டு நிரப்ப வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. பிழைப்புக்காகக் கடல் கடந்தவருக்குப் பயணச்சீட்டின் விலை போதும். விருப்பத்துக்காகக் கடப்பவருக்கோ ஒரு கனவு தேவைப்பட்டது. அந்தக் கனவைப் பயண முகவர்களின் சுவர்களில் தொங்கவிடும் பணியே கசாண்டர் போன்றவர்களிடம் வந்து சேர்ந்தது. சுமார் 1,970 பேருக்கு இடமளித்த நார்மண்டியில் 848 இடங்கள் முதல் வகுப்பைச் சேர்ந்தவை என்பதைக் கவனித்தால், சுவரொட்டி யாரிடம் பேசியது என்பது விளங்கும்.

இனி அச்சின் தரம். மூலம் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறையில், உருவானது. கப்பல் உடலின் கருமை ஒரே சீராக இல்லாமல் படிப்படியாக மெலிந்து செல்வதே அதன் உயிர். இந்தப் பிரதியில் வானத்தின் நிற மாற்றம் மிக நன்றாக வந்திருக்கிறது, ஆனால் உடலின் அடர்ந்த பகுதிகளில் அந்த மென்மை ஓரளவு அமுங்கி, பக்கவாட்டு வெளிச்சம் இல்லாதபோது வெறும் கறுப்பாகத் தெரிகிறது. இன்னொரு குறை எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. பழைய பிரதி ஒன்றைப் படியெடுத்தபோது, வயதினால் தாளில் ஏறிய பழுப்பை நீக்காமல், அதையே வடிவமைப்பின் பகுதிபோல ஓரங்களில் அச்சிட்டிருக்கிறார்கள். கசாண்டர் வெள்ளையாக விட்ட இடத்தை நாம் வெள்ளையாகப் பார்ப்பதுதான் நியாயம். பழமையின் சாயலை விரும்புகிறவர்கள் இதைக் குறையாகக் கருதமாட்டார்கள், நான் கருதுகிறேன். எழுத்துகளின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றன. கப்பலின் பெயருக்குக் கீழே வரும் ல ஹாவ்ர், சவுத்தாம்ப்டன், நியூயார்க் என்ற துறைமுகப் பெயர்களையும் தெளிவாகப் படிக்க முடிகிறது.

தடித்த குழாயில் சுருட்டி அனுப்பியிருந்ததால் மடிப்போ கசங்கலோ இல்லை. சட்டமிடும்போது பிரதிபலிப்பைத் தடுக்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். இவ்வளவு கருமை நிறைந்த படத்தைச் சாதாரணக் கண்ணாடிக்குள் வைத்தால் படத்தைவிட அறையின் விளக்குகளே முன்னால் நிற்கும்.

சிறிய அளவுப் பிரதிகளை வாங்க வேண்டாம் என்பதே என் அழுத்தமான பரிந்துரை. அவற்றில் பறவைகள் வெறும் புள்ளிகளாகிவிடுகின்றன. அதனுடன் கப்பலின் பேருருவும் போய்விடுகிறது. சுவரில் இவ்வளவு பெரிய இடம் இல்லாதவர்கள், கசாண்டரே 1931இல் வரைந்த லட்லான்டிக் சுவரொட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் கப்பலின் அளவை உணர்த்துவது பக்கத்தில் நிற்கும் ஓர் இழுவைப் படகு. அது சிறிய பிரதியிலும் கண்ணுக்குத் தப்பாது.