நைட்ரஸா, டர்போவா: எது ஏமாற்று?

"சிலிண்டர் வைத்து ஜெயிப்பதெல்லாம் ஒரு ஜெயமா தம்பி?" என்று தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். பல ஆண்டுகளாக என் வண்டியில் அவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. அதனால் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. நான் ஓட்டுவது 1.3 லிட்டர் பழைய மாருதி எஸ்டீம். கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர் ஓட்டத்துக்காகத் தயார் செய்தேன். அண்ணனும் அதே மாடல் வண்டியில்தான் ஓடுகிறார். அவர் டர்போ பொருத்தினார், நான் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் பொருத்தினேன். இரண்டு சீசன் முடிந்துவிட்டது. என் தேர்வில் எனக்கு மனக்குறை இல்லை.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: இன்ஜினுக்குள் கூடுதல் ஆக்ஸிஜனைக் கொண்டுபோவது. டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. நைட்ரஸ் வாயு ஏறத்தாழ 300 டிகிரி வெப்பத்தில் உடைந்து ஆக்ஸிஜனை விடுவிக்கிறது. எடைக் கணக்கில் காற்றில் ஆக்ஸிஜன் 23 சதவீதம், நைட்ரஸில் 36 சதவீதம். எந்த வழியில் வந்தாலும் அந்த ஆக்ஸிஜனுக்கு ஏற்றபடி பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் பிஸ்டன் உருகிவிடும்.

அண்ணனின் வாதத்தை நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். டர்போ என்பது இன்ஜின் தன் மூச்சையே திருப்பி உழைப்பாக்குவது, நைட்ரஸ் என்பது கடையில் வாங்கி வந்து ஊற்றுவது என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்ரோலும் கடையில் வாங்கியதுதான், டயரும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கியது என்பதாலேயே ஒன்று ஏமாற்று ஆகிவிடாது. விதிப்புத்தகம் என்ன சொல்கிறது, அதை மீறி ஒளித்து வைத்தோமா என்பதுதான் கேள்வி. 1976இல் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயமான டேடோனா 500இன் தகுதிச் சுற்றில் ஏ.ஜே. ஃபாய்ட், டாரல் வால்ட்ரிப் என்ற ஓட்டுநர்கள் இருவரின் நேரங்களும் நைட்ரஸ் விவகாரத்தில் ரத்து செய்யப்பட்டன. நாஸ்காரில் அது தடை செய்யப்பட்ட பொருள், ஆகவே அங்கே அது ஏமாற்று. அதே அமெரிக்காவில், நேர் ஓட்டமான டிராக் பந்தயத்தின் ப்ரோ மாட் பிரிவில் நைட்ரஸ் வண்டியும் டர்போ வண்டியும் ஒரே கோட்டில் நின்று புறப்படுகின்றன. யாரும் யாரையும் திருடன் என்று சொல்வதில்லை.

டர்போவின் கதையும் அப்படியொன்றும் பால் போன்றதல்ல. 1995இல் ஸ்பெயினில் நடந்த கட்டலூன்யா ராலியில், டயோட்டா அணி டர்போவுக்குப் போகும் காற்றை மட்டுப்படுத்தும் வளையத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பொறியமைப்பைச் செய்து அகப்பட்டுக்கொண்டது. ஓராண்டு தடை விதித்தார்கள். ஃபார்முலா ஒன்னில் 1977இல் ரெனோ கொண்டுவந்த டர்போவை 1989இல் தடை செய்தார்கள், 2014இல் திரும்ப விட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் டர்போ என்ன, பாவப் பொருளாகவா இருந்தது? அன்றைய விதி அது, அவ்வளவுதான்.

ஆனாலும் அண்ணனின் கோபத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். டர்போவை ஒளிக்க முடியாது. பானெட்டைத் திறந்தால் நத்தை போல் சுருண்டு கண்ணில் படும். நைட்ரஸை ஒளிக்கலாம். முதல் சீசனில் என் கண்முன்னே நடந்தது இது. கம்பெனி நிலையிலேயே ஓட வேண்டிய பிரிவில் ஒரு வண்டி, ஓட்டம் முடிந்து வந்து நின்றது. பரிசோதகர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் குனிந்து, காற்று வடிகட்டிக்குப் பின்னால் போகும் ரப்பர் குழாயை விரலால் தொட்டார். மற்றதெல்லாம் கொதிக்கும் அந்த இடத்தில், ஓர் அங்குல நீளத்துக்கு வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. திரவ நைட்ரஸ் மைனஸ் 88 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அதன்மேல் உடனே உறைந்து காட்டிக்கொடுத்துவிட்டது. சிலிண்டர் ஸ்டெப்னிக்கு அடியில் இருந்தது. அந்த ஓட்டுநரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அவர் ஏமாற்றியது மற்ற ஓட்டுநர்களை மட்டுமல்ல, திறந்த பிரிவில் படிவத்தில் 'நைட்ரஸ்' என்று எழுதிக் கையெழுத்திட்டு ஓடும் எங்களையும் சேர்த்துத்தான்.

ஆகவே ஏமாற்றுக் கேள்வி எனக்கு முடிந்துவிட்டது. என்னை நைட்ரஸ் பக்கம் சாய்த்தது வேறு ஒன்று: பந்தயம் இல்லாத நாட்களில் வண்டி என்னவாக இருக்கிறது என்பது.

நான் ஆண்டுக்கு நான்கைந்து முறை ஓடுவேன். மீதி நாட்களில் அதே எஸ்டீமில்தான் மாதவரத்துக்கு வேலைக்குப் போகிறேன், மகளைப் பள்ளியில் விடுகிறேன். டர்போ பொருத்தினால் புகைக்குழாய் மாறுகிறது, எண்ணெய்க்குத் தனிக் குழாய் வருகிறது, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் முன்னால் ஏறுகிறது, இன்ஜினின் கணினியை மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. பிஸ்டனையும் மாற்றுவது நல்லது. அதன் பிறகு அது வேறு வண்டி. அண்ணன் கணேசபுரம் சுரங்கப்பாதை நெரிசலில் நிற்கும்போதும் அவருக்கு ஒரு கண் வெப்பமானி முள்ளில்தான். இன்ஜினை அணைக்கும் முன் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுகிறார், டர்போவின் தாங்கியில் எண்ணெய் கருகக் கூடாது என்று. இன்ஜின் தலைப்பகுதியை இறுக அடைக்கும் ஹெட் கேஸ்கட்டை ஓராண்டில் இரண்டு முறை மாற்றினார். மூன்று மாதம் விற்கவும் முயன்றார். வந்தவர்கள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். என்னுடையதில் சிலிண்டரும் குழாயும் மின்சார வால்வான சொலினாய்டும் ஒரு மாலைப்பொழுதில் கழன்று வந்துவிடுகின்றன. பிறகு அது வெறும் எஸ்டீம்.

அதற்குப் பதிலாகப் பந்தய நாளன்று நைட்ரஸ் என்னைப் பிழிந்து எடுக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். குளிர் நாடுகளில் சிலிண்டருக்குச் சூடேற்றும் போர்வை சுற்றுகிறார்கள். நமக்குத் தலைகீழ். 30 டிகிரியில் உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 900 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 900 பவுண்டு) இருக்கும், நைட்ரஸைப் பீய்ச்சும் என் நாசில் அளவெல்லாம் அதற்குத்தான் வைத்திருக்கிறேன். 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது. மே மாதத்தில் மூடிய டிக்கி இந்த அளவைக் காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். அழுத்தம் மாறினால் வாயுவும் பெட்ரோலும் சேரும் விகிதம் மாறும், அந்த ஒரே ஓட்டத்தில் பிஸ்டன் போய்விடும். ஆகவே விடிகாலையில் காசிமேட்டுக்குப் போய், மீன் கூடைகளில் கொட்டும் நொறுக்கு ஐஸை இரண்டு சாக்கு வாங்குவேன். ஈரக் கோணியில் சுற்றி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் சிலிண்டரைப் படுக்க வைத்து, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அளவுக்கு மேல் குளிர்ந்தாலும் ஆகாது.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அழுத்தமானி சொல்லாது. வீட்டு சமையல் சிலிண்டர் போல எடைதான் ஒரே வழி. பழைய இரும்புக் கடையில் வாங்கிய தராசு இருக்கிறது. ஓர் ஓட்டத்துக்கு 150 கிராம் அளவில் குறையும். நான் கூட்டுவது 35 குதிரைத்திறன்தான், கம்பெனி கொடுத்த 85க்கு மேல். அதற்கு மேல் போனவர்களின் அனுபவம் எனக்கில்லை, ஆகவே 100 கூட்டலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். நிரப்புவதும் தலைவலிதான். மயக்கம் கொடுக்க நைட்ரஸ் வைத்திருக்கும் மருத்துவமனையின் சிலிண்டரிலிருந்து பிடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அந்த வேலையே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். சோதனை முத்திரை உள்ள சிலிண்டரில், உரிமம் உள்ள இடத்தில்தான் நிரப்புகிறேன், அதற்காகப் பத்து நாள் காத்திருக்க நேர்ந்தாலும்.

சுற்றுப்பாதைப் பந்தயம் என்றால் என் பேச்சை விட்டுவிடுங்கள். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் சுற்றை நான்கு முறை சுற்றுவதற்குள் சிலிண்டர் காலியாகிவிடும். அங்கே டர்போதான், அண்ணன் சொல்வதே சரி. இரண்டையும் எண்ணூர் விரைவுச் சாலையில் இரவில் முயன்று பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவின்படி பொதுச் சாலையில் பந்தயம் விடுவதே குற்றம். அங்கே எந்தக் கருவி நேர்மையானது என்ற கேள்விக்கே இடமில்லை.

அண்ணன் சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து சோழவரத்தில் பந்தயம் பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. அந்தப் போரில் ஜெர்மானியர்கள் உயரத்தில் மெல்லிய காற்றைச் சமாளிக்கப் போர் விமான இன்ஜினுக்குள் நைட்ரஸைத்தான் செலுத்தினார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன் சிலிண்டரை டிக்கியில் வைக்காதே, பின்சீட்டை எடுத்துவிட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி வை. அழுத்தம் மீறினால் உடையும் வெடிப்புத் தகட்டிலிருந்து வெளியே ஒரு குழாய் விடு, நானே வளைத்துத் தருகிறேன்" என்றார். மறுநாள் பட்டறையில் அவரே தரையை அளந்து நான்கு ஓட்டை போட்டார். பந்தயம் இல்லாத மாதங்களில் அந்த நான்கையும் ரப்பர் அடைப்பான் மூடியிருக்கிறது. பின்சீட்டில் மகளின் பள்ளிப் பை கிடக்கிறது.