அடிடாஸ் கம்போங்: அருவி தேடிப் போகிறவர்களுக்கான ரப்பர் சப்பாத்து

ஆற்றுக்குள் இறங்கி, பாதையே இல்லாத காட்டில் அருவி தேடிப் போவதற்கு எந்தச் சப்பாத்து நல்லது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது அடிடாஸ் கம்போங்தான். அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பார்க்கப் பந்து விளையாடும் சப்பாத்து மாதிரி இருப்பதால் மலேசியாவில் ஜனங்கள் வைத்த பட்டப்பெயர் அது; கம்போங் என்றால் கம்பம், அதாவது கிராமம். அச்சில் வார்த்த கறுப்பு ரப்பர். தையல் கிடையாது, பசை போட்டு ஒட்டியதும் கிடையாது. அடியில் கட்டை கட்டையாகக் குமிழ்கள். கம்பத்து மளிகைக் கடைகளிலும் இரும்புக் கடைகளிலும் ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நான் கடைசியாக வாங்கியது 14 வெள்ளி (ரிங்கிட்).

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விடியுமுன்பே, மழையில் ஊறிய சரிவில் பால்மரம் வெட்டப் போன அம்மாவின் காலில் இதுதான் இருந்தது. ஒராங் அஸ்லி எனப்படும் பழங்குடி மக்களும் இதைப் போட்டுக்கொண்டுதான் காட்டுக்குள் நடக்கிறார்கள். 4,095 மீட்டர் உயர கினாபாலு மலையில் மூட்டை சுமந்து ஏறுகிறவர்களில் பலர் காலிலும் இதைப் பார்க்கலாம். மலை ஏறுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நாங்களெல்லாம் இவர்களுக்குப் பிறகு வந்தவர்கள்.

இந்தச் சப்பாத்தின் பெரிய பலம், தண்ணீரைத் தடுக்க அது முயற்சியே செய்யாததுதான். கோம்பாக் பக்கம் உள்ள சுங்கை பீசாங் அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். காராக் நெடுஞ்சாலைக்கு அடியில் ஆறு ஓடும் சுரங்கத்துக்குள் தண்ணீரிலேயே நடந்து போக வேண்டும். அப்புறமும் ஆற்றை விட்டு விட்டுக் கடந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் புகாத விலை உயர்ந்த பூட்ஸ் போட்டு வருகிறவர்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கியதும் மேல்வழியாக உள்ளே நிரம்பிவிடும். உள்ளே வந்த தண்ணீரை அந்தத் தடுப்புத் துணியே வெளியேவும் விடாது. அப்புறம் ஒவ்வொரு காலடியும் பாரம்தான். ரப்பர் சப்பாத்திலும் தண்ணீர் புகும். ஆனால் கரையேறி, குதிகாலை உயர்த்தி நாலு எட்டு வைத்தால் பக்கவாட்டில் பீய்ச்சிக்கொண்டு வெளியேறிவிடும். ஊறுவதற்குத் துணியோ பஞ்சோ இல்லாததால் எடை கூடாது. வீட்டுக்கு வந்து குழாயில் காட்டிக் கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது.

ஈர மண்ணிலும் வேர் பின்னிய சரிவிலும் அந்தக் குமிழ்கள் நன்றாகக் கடித்துக்கொள்ளும். லாத்தா கிஞ்சாங் மாதிரி செங்குத்தாக விழும் அருவிகளில், அதாவது நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தாலே மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியும் ரகத்தில், மேல் அடுக்குகளுக்கு ஓரமாக வேரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அங்கே அடிப்பகுதி வளைந்து கொடுப்பது பெரிய உதவி. எந்த வேரில் கால் வைத்திருக்கிறோம் என்பது பாதத்துக்கே தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பாசி. தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல் மலை. வழவழப்பான கருங்கல்லில் பாசி படிந்துவிட்டால் எந்த ரப்பரும் நிற்காது, இதுவும் வழுக்கும். ஜப்பானில் ஆற்றுவழியாகவே மலை ஏறுகிறவர்கள் கம்பளி அடி வைத்த சப்பாத்து போடுவது இதற்காகத்தான். நம் ஊரில் அப்படிப்பட்ட பாறையைக் கண்டால் ஏறாதீர்கள், காட்டோரமாகச் சுற்றிப் போங்கள். இரண்டாவது, மெத்தென்று எதுவும் இல்லை. கூழாங்கல் ஒவ்வொன்றும் உள்ளங்காலில் கணக்குச் சொல்லும், நீண்ட இறக்கத்தில் கால் விரல்கள் முன்னால் போய் இடிக்கும். கணுக்காலுக்குப் பிடிமானம் கிடையாது. ஏற்கெனவே கணுக்கால் சுளுக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெர்த்தாம் என்ற காட்டுப் பனையின் மட்டையில் உள்ள முள் பக்கவாட்டில் குத்தினால் ரப்பரைத் தாண்டி உள்ளே ஏறும்.

வெறுங்காலோடு போடவே கூடாது. மேல் விளிம்பு குதிகாலைத் தேய்த்துத் தோலை உரித்துவிடும். முழங்கால் வரை வரும் பந்து காலுறை, அதற்கு மேல் இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாதபடி நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை, இரண்டும் போட்டால் காயமும் வராது, அட்டையும் ஏறாது. காலில் ஏற்கெனவே புண் இருந்தால் ஆற்றில் இறங்குவதையே தள்ளிப் போடுங்கள். 2010இல் பகாங், லுபோக் யூ அருவிப் பகுதியில், புண் வழியாகவும் உடலுக்குள் புகும் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது நினைவிருக்கும். நனைந்தபடியே நடக்க வைக்கும் சப்பாத்து இது என்பதால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

இன்னொன்று: கால் நன்றாகப் பிடிக்கிறது என்ற தைரியத்தில் ஆற்றிலேயே அதிக நேரம் நிற்காதீர்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ கெப்பாலா ஆயர், அதாவது மேலேயிருந்து திடீரெனப் பாயும் வெள்ளம், வருகிறது என்று அர்த்தம். பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். காப்புக்காடுகளுக்கு வனத்துறை அனுமதியும் தேவைப்படும். அதை முன்கூட்டியே வாங்கி, இடம் தெரிந்த வழிகாட்டியோடு போங்கள்.

வாங்கும்போது காலுறைகளைக் கையோடு கொண்டுபோய், அவற்றைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். ரப்பர் போகப் போகத் தளரும் என்று கடைக்காரர் சொன்னாலும் இறுக்கமானதை வாங்காதீர்கள், அது தளராது. விரல் முனையில் ஒரு விரற்கடை இடம் இருக்கட்டும். கயிறு கட்டும் மாதிரி கிடைத்தால் அதையே எடுங்கள். சேற்றில் கால் புதைந்தால் கட்டாத மாதிரி அங்கேயே தங்கிவிடும். குமிழ்கள் தேய்ந்து மட்டமாகிவிட்டால் தோட்ட வேலைக்கு வைத்துக்கொண்டு, அருவிக்குப் புது ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.