விகீலியா விருந்து: வீட்டிலா, ஹோட்டலிலா?

போலந்தில் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கும் நம்மவர்களுக்கு டிசம்பர் பிறந்ததும் வரும் கேள்வி இது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய 24-ஆம் தேதி இரவு விருந்தான விகீலியாவுக்கு, கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டால் அவர் வீட்டுக்குப் போவதா, ஹோட்டலில் டேபிள் புக் பண்ணுவதா? கிராக்கோவில் இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டுக்குப் போங்கள்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு இடத்திலும் இறைச்சி கிடையாது. பீட்ரூட் சூப்பான பார்ஷ்ச், அதில் மிதக்கும் காளான் பூரணம் வைத்த குட்டி உஷ்கா, முட்டைக்கோஸ் பூரணம் வைத்த கொழுக்கட்டை போன்ற பியெரோகி, ஹெர்ரிங் மீன், கெண்டை வறுவல், உலர்பழங்களை வேகவைத்த பானமான கொம்போட் என்று வரும். 12 வகை வைப்பது மரபு. ஹோட்டலில் செலவு முன்பே தெரியும், மொழி தெரியாமலும் சமாளிக்கலாம், நினைத்தபோது கிளம்பலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒப்வாடெக். மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட, கிறிஸ்து பிறப்புக் காட்சி பதிந்த, காகிதம் போல மெல்லிய வெள்ளை அப்பம். ருசி என்று எதுவும் இல்லை. முதல் நட்சத்திரம் தெரிந்ததும், சாப்பாட்டில் கை வைக்கும் முன், ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு எல்லாரும் எழுந்து நிற்பார்கள். ஒருவர் கையிலிருப்பதில் மற்றவர் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, முகம் பார்த்து வாழ்த்த வேண்டும். அந்த ஆளுக்கென்றே சொல்லும் வாழ்த்து அது. அந்த வீட்டுப் பாட்டி என்னிடம் வந்து, "உங்கம்மா முழங்கால் வலி குணமாகட்டும்" என்றார். பேத்தியிடம் நான் எப்போதோ சொன்னதைக் கேட்டு வைத்திருக்கிறார். எல்லாரும் எல்லாரிடமும் போய்வரச் சூப் ஆறிப்போகும். யாரும் அவசரப்பட மாட்டார்கள். ஹோட்டல் மேஜையிலும் ஒப்வாடெக் வைத்திருந்தார்கள். எதிரே இருந்த தோழியும் நானும் கிள்ளிக்கொண்டோம், ஒரு நிமிடத்தில் முடிந்தது.

குடும்ப விருந்தில் நாம் எதற்கு என்ற தயக்கமும் வேண்டாம். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பதே அவர்கள் வழக்கம்.

வீட்டில் சிரமமும் உண்டு. பேச்சு முழுக்க போலிஷில் ஓடும். பாட்டு, பரிசு என்று நேரம் நீளும். மாலைக்குமேல் டிராம் குறைந்துவிடும், திரும்ப வழி பார்த்து வையுங்கள். மீனும் தொடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இறைச்சி இல்லை என்றால் மீன் இருக்கும் என்றுதான் அர்த்தம். முட்டையும் ஆகாதென்றால் பியெரோகி மாவைப் பற்றியும் கேளுங்கள்.

நான் சொல்வது கிராக்கோவ் பக்கத்து வழக்கம். கிழக்கே கோதுமை, கசகசா, தேன் சேர்த்த குட்யா முக்கியம் என்பார்கள். அந்த வீடுகளில் நான் உட்கார்ந்ததில்லை. அழைப்பு வராதவர்கள் டிசம்பர் நடுவில் ஆபீசில் வைக்கும் விகீலியாவைத் தவறவிடாதீர்கள். ஹோட்டலைவிட அது மேல், தெரிந்தவர்களோடு ஒப்வாடெக் கிள்ளலாம்.

பூவோ இனிப்போ வாங்குவதென்றால் 23-ஆம் தேதியே வாங்கிவிடுங்கள். 2025 முதல் 24-ஆம் தேதி அரசு விடுமுறை, பெரிய கடைகள் திறக்காது.